சக்கர வேக உணரிப் பழுது

சக்கர வேக உணரிப் பழுது என்பது தானுந்தின் இழுவைக் கட்டுப்பாட்டை முடக்கும் மின்பழுதுகளுள் பரவலான ஒன்றாகும். ஏ.பி.எஸ். அமைப்பும் இதே உணரிகளையே நம்பியிருப்பதால், இரண்டு எச்சரிக்கை விளக்குகளும் பெரும்பாலும் ஒருங்கே எரியும்.

கணினியில் பதிவாகும் பழுதுக் குறியீடு (எ.கா: முன் இடச் சக்கரத்திற்குரிய சி0035) மின்சுற்றையே சுட்டுகிறது, உணரி கெட்டுவிட்டது என்பது அதன் பொருளன்று. புதிய உணரி பொருத்திய பின்னரும் விளக்கு அணையாமல் போவது இதனாலேயே. முன்சக்கரக் கம்பி, ஸ்டீயரிங்கைத் திருப்புந்தோறும் வளைந்து, மேலுறை சிதையாமலே உள்ளே அறுந்துவிடக்கூடும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பைக் கழற்றி, அம்முனையில் மல்டிமீட்டரை வைத்து, கம்பியை அசைத்தபடி மின்தடையை அளந்தால் முறிவு வெளிப்படும். சுருள்வகை உணரிகள் பலவற்றில் ஏறத்தாழ 1000 ஓம் காட்டும். சக்கரத்தைச் சுழற்றினால் சிறிதளவு மாறுதிசை மின்னழுத்தமும் தோன்றும். ஹால் விளைவு உணரிகளை இவ்வாறு சோதிக்கலாகாது. அவற்றுக்கு வரும் மின்னழுத்தத்தையும் அவை தரும் குறிகையையுமே அளத்தல் வேண்டும்.