இரங்கூன் விசாரணையும் பதிவேட்டில் இல்லாத தமிழரும்

பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்தின் தோற்றத்தை ஆராய்வோர் பெரும்பாலும் நூரம்பர்க்கையும் டோக்கியோவையும் சுட்டுவர். இன்று யாங்கோன் என வழங்கும் இரங்கூனுக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு. அச்சட்டம் யாருடைய துயரைக் கேட்டது, யாருடையதைக் கேளாது விட்டது என்னும் வினாவை இந்நகரிலிருந்து எழுப்புவது பொருத்தமாகும்.

1945 ஜூன் 14இல் பிறந்த அரச ஆணையின்படி பிரித்தானியர் போர்க்குற்ற இராணுவ நீதிமன்றங்களை நிறுவினர். 1946 மார்ச்சில் இரங்கூனில் கூடிய நீதிமன்றம், மௌல்மீன் அருகே கலகோன் என்னும் சிற்றூரில் 1945 ஜூலையில் 600க்கு மேற்பட்ட ஊர்மக்கள் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்தது. மேலிடத்துக் கட்டளை என்னும் எதிர்வாதம் தண்டனையைத் தடுக்கவில்லை. தப்பிப் பிழைத்தோர் சாட்சி கூற, படைவீரரல்லாத ஆசிய மக்களின் உயிரிழப்பு நீதிமன்றத்தில் வழக்கானது.

மௌல்மீனுக்குத் தெற்கே உள்ள தன்புசாயாட்டே சயாம்–பர்மா இருப்புப்பாதையின் பர்மிய முனை. 415 கி.மீ. நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபர் 17இல் இணைந்தது. ஆசை வார்த்தையாலும் வலுக்கட்டாயத்தாலும் திரட்டப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர் பெரும்பாலும் சயாம் பகுதியில் உழைத்தனர். 1948 நவம்பரில் வெளியான டோக்கியோ தீர்ப்பு தமிழரையும் பெயர் சுட்டியது. ஏறத்தாழ 1,50,000 ஆசியத் தொழிலாளருள் குறைந்தது 60,000 பேர் மடிந்தனர் என அது மதிப்பிட்டது. 46,000 போர்க்கைதிகளுள் இறந்தோர் 16,000. எனினும் இருப்புப்பாதை வழக்குகளுள் மிகுதியானவை கைதிகளைப் பற்றியனவே.

இவ்வேறுபாட்டுக்குச் சட்டமின்மை முழுக் காரணமன்று. 1930ஆம் ஆண்டின் கட்டாய உழைப்பு உடன்படிக்கையை ஜப்பான் 1932இல் ஏற்றிருந்தது. டோக்கியோ சாசனமும் அடிமைப்படுத்தலை மானுடத்துக்கெதிரான குற்றங்களுள் சேர்த்தது. கைதிகளுக்கோ பெயர்ப்பட்டியல் வைத்த அதிகாரிகளும் வழக்குரைக்கும் அரசுகளும் இருந்தன. தன்புசாயாட் போர்க்கல்லறையில் 3,700க்கு மேற்பட்ட நேசநாட்டுக் கல்லறைகள் பேணப்படுகின்றன. தமிழர் புதைகுழிகளிற் பெரும்பாலானவற்றுக்கு அடையாளமே இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் குற்றம் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சியது.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1998இல், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு மியன்மாரில் கட்டாய உழைப்பு பரவியிருந்ததை நிறுவியது. அப்போது உழைத்தோரின் வாய்மொழியே முதன்மைச் சான்றாயிற்று. இருப்புப்பாதைத் தமிழருக்கு 1946இல் கிட்டாதது அதுவே. மலாயாத் தோட்டப் பதிவுகளையும் விசாரணைக் கோப்புகளையும் குடும்ப நினைவுகளையும் ஒப்பிட்டு அவர்தம் பெயர்களைத் தொகுத்தல் தமிழியல் ஆய்வு மேற்கொள்ளவேண்டிய கடமையாகும்.