மலைநாட்டுத் தோட்டங்களும் மாட்டுச் செல்வமும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. அம்மாட்டுச் செல்வத்தை முல்லை நிலத்துக்கு உரியதாக வகுத்தனர் நம் முன்னோர். மேய்புலம் இன்றி ஆநிரை இல்லை என்னும் உண்மை அப்பகுப்பினுள் அடங்கியுள்ளது. ஈழத்து மலைநாட்டின் வரலாறும் அதற்குச் சான்று பகர்கின்றது.

1840 ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு இயற்றிய முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் உடைமையாக்கிற்று. கண்டிக் குடியானவரின் மாடுகள் மேய்ந்து வந்த நிலங்கள் பலவும் இவ்வாறே கோப்பித் தோட்டங்களாயின.

1848 இல் சாமுவேல் பேக்கர் என்பார் நுவரெலியாவில் ஆங்கில முறைப் பண்ணையொன்றை அமைக்க முற்பட்டார். உயரினப் பசு, காளை, ஆட்டுக்கடாக்கள் ஆகியன கடல் கடந்து வந்தன. பசுவோ மலையேறும் வழியிலேயே மாண்டது. பின்னர்க் காளைகள் பல நோய்க்கு இரையாயின. குளிர்ந்த தட்பவெப்பம் மட்டும் போதாது, மண்ணுக்கு எருவும் மாட்டுக்கு நற்புல்லும் வேண்டும் என்பதே அம்முயற்சி தந்த பாடம். பேக்கர் 1855 இல் தாயகம் திரும்பினார்.

கோப்பித் தோட்டத்துரைமார் இப்பாடத்தை ஓரளவு உணர்ந்திருந்தனர். எருவின் பொருட்டு மாடுகளைக் கொட்டிலிற் கட்டிவைத்து, கினிப்புல் பயிரிட்டு ஊட்டினர்; மானாப்புல்லைப் படுக்கையாகப் பரப்பினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை கொண்டது. காலப்போக்கிற் செயற்கை உரம் பெருகவே, தோட்டக் கணக்கில் மாட்டுக்கு இருந்த மதிப்புக் குன்றிற்று.

ஆயினும் தொழிலாளர் மாட்டைக் கைவிட்டாரல்லர். திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களின் உழவர் மரபினரான அவர்கள், லயத்தின் அருகே பட்டி அமைத்துப் பசு வளர்த்தனர். கொழுந்து பறித்து முடிந்தபின் ஓடைக்கரையிலும் வீதியோரத்திலும் புல் அறுத்துச் சுமந்தனர். பால் விற்ற பணம் கூலிக்குத் துணையாயிற்று. ஆனால் பட்டி நின்ற நிலமோ புல் முளைத்த நிலமோ அவர்க்கு உரியதன்று.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அரச காணி பெறும் வழியும் அடைபட்டது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கிற்று. நிலம் பலமுறை கைமாறியும், பசு வளர்ப்போர்க்கு மேய்ச்சல் நிலம் கிட்டவில்லை.

அம்பேவலையிலும் பொப்பத்தலாவையிலும் அரசு நிறுவிய பண்ணைகளிலோ பரந்த புற்றரைகள் அமைந்தன. ஆங்கு ஐரோப்பிய இனப் பசுக்களும் நிலைபெற்றன. அதே மலை, அதே குளிர், அதே மழை. வேறுபாடு நிலத்தில் உள்ளது. தேயிலை நலிந்து கைவிடப்பட்ட சரிவுகளிற் சிறுபகுதியேனும் உறுதியான உரிமையுடன் தொழிலாளர்க்குத் தீவனப்புல் வளர்க்கக் கிடைக்குமாயின், மாடு என்னும் சொல் தன் பழம்பொருளை அம்மலைகளில் மீண்டும் பெறும்.