கிசான் பணமும் ஊர்ப் பட்டியலும்

அரசு மானியம் என்பது நம் இளவயதில் யார் பெயரிலும் வந்ததில்லை. உர மூட்டையின் விலையிலேயே கழிந்து வரும். 1977-இல் வந்த ஏற்பாட்டின்படி மத்திய அரசு உரத் தொழிற்சாலைக்குப் பணம் கொடுத்தது. விவசாயி குறைந்த விலைக்கு மூட்டை வாங்கினார். மின்சாரமும் அப்படித்தான். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்கள் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1984-இல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் கலைஞர் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் தந்தார்கள். யாருக்கு எவ்வளவு போயிற்று என்று தனித்தனியாகச் சொல்ல வழியில்லை. மழையை நம்பிக் காப்பியும் மலைவாழையும் வைத்த நம் அடுக்கத்துப் பக்கத்தில், மோட்டார் இல்லாதவருக்கு அதில் பங்கும் இல்லை.

பெயர் சொல்லிப் பணம் வரத் தொடங்கியது 2019 பிப்ரவரியில். பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்குக்கு. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கு, பிறகு பட்டா உள்ள எல்லா விவசாயிகளுக்கும் என்றார்கள். வருமான வரி கட்டுவோருக்கும், பத்தாயிரமோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்கும் என் போன்றவர்களுக்கும் கிடையாது. அது நியாயம்தான்.

2020-இல் என்ன நடந்தது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் பட்டியலில் ஏறிவிட்டார்கள். அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு இடைத்தரகர்கள் பதிந்தது தெரிய வந்தது. 110 கோடி ரூபாய்க்கு மேல் தகுதியற்றவர்களுக்குப் போனதாக அப்போதைய வேளாண்துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி சொன்னார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள், பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. ஆனால் பட்டியல் ஒன்றும் ரகசியம் இல்லை. ஊர் வாரியாக இணையதளத்தில் பார்க்கும்படிதான் வைத்திருக்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தை நாட்டிலேயே முதலில், 1997-இல், இயற்றியது தமிழ்நாடு. 2005-இன் மத்தியச் சட்டம் நான்காம் பிரிவில், மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர்கள் ராஜஸ்தானத்துக் கிராமத்து ஜனங்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் கூலிப் பட்டியலைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். பொய்க் கணக்கு அங்கேயே வெளிப்பட்டது.

எல்லார் பெயரையும் வெளியிடுவது சரிதானா என்ற கேள்வியும் உண்டு. ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல், தொகை பெரிதோ சிறிதோ தனிப்பட்ட விவசாயிகள் எல்லார் பெயரையும் வெளியிடுவது அளவு மீறியது என்று தீர்ப்பளித்தது. பிறகு அங்கே சிறு தொகை வாங்குவோர் பெயரை மட்டும் மறைத்து மறுபடி வெளியிட்டார்கள். நம் நாட்டிலும் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் பிரிவைத் திருத்தி, மறுப்பதை எளிதாக்கியிருக்கிறது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் மறைவாக இருக்க வேண்டியவைதான். அரசுப் பணம் வாங்குகிறவர் பெயரையும் அதோடு சேர்த்து மூடிவிட்டால், 2020 திரும்ப வர அதிக நாள் ஆகாது.

பட்டியலைப் படிப்பதில் இன்னொரு பலன் உண்டு. அதில் யார் இல்லை என்பதும் தெரியும். கிசான் பணம் பட்டாவைப் பார்த்து வருவது. குத்தகைக்கு எடுத்து உழைப்பவருக்கு வராது. தாத்தா பெயரில் பட்டா கிடந்து, வாரிசுக்கு மாறாத குடும்பத்துக்கும் சிக்கல். மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் நிலக்காரருக்கு வந்துவிடும்.

குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை கூடத்தான் செய்கிறது. கைப்பேசி பார்க்கத் தெரிந்த ஒரு பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பட்டியலைப் படிக்கச் சொல்லலாம். அரை மணி நேரம் ஆகுமா? யார் செத்தார்கள், யார் ஊரை விட்டுப் போனார்கள், எந்தக் காடு யாருடையது என்று கணினிக்குத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும்.