மின்முலாம் பூச்சு

ஓர் உலோகத்தின் மேல் இன்னோர் உலோகத்தை மின்சாரத்தின் உதவியால் மெல்லிய படலமாக ஏற்றுவது மின்முலாம் பூச்சு. கவரிங் நகை, குளியலறைக் குழாய், மோட்டார் சைக்கிளின் பளபளக்கும் பாகங்கள் எல்லாம் முலாம் தொட்டியில் முங்கி எழுந்தவையே.

இந்தப் பூச்சு நகைத் தொழிலில் புகுந்த ஓர் இடம் நாகர்கோவிலின் வடசேரி. கோயில் விக்கிரகங்களுக்கும் பரதநாட்டியக் கலைஞர்களுக்கும் நகை செய்யும் ஊர் இது. நாகர்கோவில் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. வெள்ளியில் உருவம் செய்து, தங்கத் தகடு போர்த்தி, சிவப்புக் கெம்புக் கல் பதிப்பது பழைய வேலைப்பாடு. விலை குறைந்த நகைகளில் தகட்டின் இடத்தை மின்முலாம் பிடித்துக்கொண்டது.

முன்பு முலாம் பூச, தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துத் தடவி, பாதரசத்தைச் சூடேற்றி ஆவியாக்குவார்கள். அந்த ஆவி பல கைவினைஞர்களின் உயிரைக் குடித்தது. 1800இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா மின்கலம் செய்தார். ஐந்தே ஆண்டுகளில் அவருடைய நண்பர் புருக்னதெல்லி வெள்ளிப் பதக்கங்களின் மேல் தங்கம் ஏற்றிக் காட்டினார். பர்மிங்காமில் எல்கிங்டன் நிறுவனத்தார் சயனைடு கரைசலுக்குக் காப்புரிமை பெற்ற 1840க்குப் பிறகே இது தொழிலாக வேரூன்றியது. இந்தியாவில் இத்துறை ஆராய்ச்சிக்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைந்தது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது.

முலாம் ஏற வேண்டிய பொருளை நேர்திசை மின்சாரத்தின் எதிர்முனையில் கட்டி, பூசும் உலோகத்தின் உப்புக் கரைசலில் தொங்கவிடுவார்கள். ஏறும் எடையை ஃபாரடே விதியால் கணக்கிடலாம்: ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் வெள்ளி 4.03 கிராம், சயனைடு கரைசலிலிருந்து தங்கம் 7.35 கிராம் வரை படியும். 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் கனத்துக்குத் தேவைப்படும் தங்கம் 0.19 கிராம்தான். அரை ஆம்பியரில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும். ஆனால் பல மலிவு நகைகளில் அந்த ஒரு மைக்ரானும் இருப்பதில்லை.

வேலையின் பெரும்பகுதி தொட்டிக்கு வெளியேதான் நடக்கிறது. பஃபிங் சக்கரத்தில் மெருகேற்ற வேண்டும். காரக் கரைசலில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்க வேண்டும். அமிலத்தில் முக்கி ஆக்சைடைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவே தண்ணீரில் அலச வேண்டும். ஒரு கைரேகை இருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு உரியும். செம்பின் மேல் நேரடியாகத் தங்கம் ஏற்றினால் காலப்போக்கில் செம்பு மேலே ஊறிவந்து நிறம் மங்கும். இதைத் தடுக்க நடுவில் நிக்கல் படலம் இடுகிறார்கள். கவரிங் போட்டால் சிலருக்குக் கழுத்தில் அரிப்பு வருவதற்கு இந்த நிக்கலே முக்கியக் காரணம்.

சயனைடு தொட்டிப் பக்கம் அமிலம் வரவே கூடாது. இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். கழிவுநீரைக் காரத்தன்மையில் வைத்து பிளீச்சிங் பவுடர் போன்ற குளோரின் பொருளால் முறித்த பிறகே வெளியேற்ற வேண்டும். குரோமியம் பூச்சுத் தொட்டியிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. அதை மூவிணைதிறமாக மாற்றிச் சுண்ணாம்பால் படியவைப்பது வழக்கம். இந்தச் சுத்திகரிப்பு இல்லாத பட்டறைக்கு உரிமம் கொடுப்பது பக்கத்துக் கிணறுகளைப் பாழாக்குவதற்குச் சமம்.