மணல் மறைக்கும் கசிவு

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, சிலாபத்திலிருந்து புத்தளம் வரையும், அங்கிருந்து கடலேரியைச் சுற்றிக் கற்பிட்டி முனை வரையும் பரந்து கிடப்பது மணற்பூமி. தென்னந்தோப்புகளும் உப்பளங்களும் மீன்பிடிக் கிராமங்களும் இப்பூமியின் செல்வங்கள். இவை யாவற்றினும் மேலான செல்வம் ஒன்றுண்டு. அது வீட்டு முற்றத்துக் கிணறு. மூன்று புறமும் உவர்நீர் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறு எதுவுமில்லை. அப்படியிருந்தும் அங்கே சில அடி ஆழம் தோண்டினாற் குடிக்கத்தக்க நன்னீர் ஊறுகின்றது.

உப்புக் கடலின் நடுவே நன்னீர் எவ்வாறு நிலைத்து நிற்கின்றது? மழைநீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. இந்த உண்மையைக் கணக்கிட்டுக் கூறியவர்கள் இருவர். ஒருவர் பதொன் கைபன் என்னும் ஒல்லாந்துப் படைப் பொறியியலாளர். மற்றவர் 1901ஆம் ஆண்டில் அதே முடிவை வெளியிட்ட ஹேர்ட்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட விதி. அகன்ற தட்டொன்று மிதப்பதுபோல் மிதக்கும் இந்த நன்னீரே கற்பிட்டி மக்களின் உயிர்நாடி. ஒக்டோபர் தொடங்கிப் பெய்யும் மாரி மழை அதனை ஆண்டுதோறும் நிரப்புகின்றது.

நீரைத் தருகின்ற அதே மணல்தான் வீட்டின் கழிவையும் ஏற்றுக்கொள்கின்றது. குடிநீர்க் கிணறும் கழிவுக் குழியும் ஒரே மணலில், ஒரே வளவில், ஒரு வேலிக்குள்ளே இருக்கின்றன. கிணற்றையும் குழியையும் அவற்றுக்கிடையே செல்லும் குழாயையும் வெவ்வேறாக எண்ணுதல் இப்பூமியிற் பொருந்தாது.

கழிவை மண்ணுக்குள் அனுப்பும் முறை இத்தீவிற்குப் புதியதன்று. அனுராதபுரத்தின் பழைய துறவிமடங்களிலே செதுக்கு வேலைப்பாடமைந்த சிறுநீர்க் கற்களை இன்றும் காணலாம். எனினும் அன்று ஆட்கள் சிலர், நிலமோ பரந்தது. சாதாரண மக்கள் நெடுங்காலம் தோப்புகளையும் கடற்கரையையுமே நாடினர்.

நகரங்கள் பெருகிய பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இம்முறை போதாதாயிற்று. வாளி மலகூடங்கள் தோன்றின. இரவின் இருளிலும் விடியற்காலையிலும் அவ்வாளிகளைச் சுமந்து சென்றோர், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளுமேயாவர். நகரங்களின் சுகாதாரம் அவர்களுடைய தோள்களிற் சுமத்தப்பட்டிருந்தது; ஆயினும் அவர்களுக்குக் கிடைத்ததோ இழிவு ஒன்றே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பு மாநகரத்திற் பொதுக் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் அமைக்கப்பட்டபோது, மனிதன் சுமந்ததை நீர் சுமக்கத் தொடங்கிற்று. ஏனைய ஊர்களுக்குக் குழியே வழியாயிற்று. கொழுக்கிப் புழு நோயை ஒழிக்க 1916ஆம் ஆண்டளவில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிய இயக்கமும், 1926இற் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவும் வீட்டுக்கொரு மலசலகூடம் வேண்டும் என்னும் எண்ணத்தை நாடெங்கும் பரப்பின.

மாடி வீடுகளும் அரசாங்கக் கட்டடங்களும் எழுந்தபோது, கழிவை மேலிருந்து கீழே இறக்கவும், சுவருக்கு வெளியே கொண்டுசெல்லவும் உறுதியான குழாய் தேவைப்பட்டது. அக்காலத்தார் நம்பிய பொருள் வார்ப்பிரும்பு. ஜேர்மனியின் டில்லன்பேர்க் கோட்டைக்கு 1455ஆம் ஆண்டிலேயே வார்ப்பிரும்புக் குழாயில் நீர் சென்றதாக வரலாறு கூறும். பிரான்சின் வேர்சாய் அரண்மனைக்குப் பதினேழாம் நூற்றாண்டில் இடப்பட்ட வார்ப்பிரும்புக் குழாய்களோ மூன்று நூற்றாண்டுக்கு மேலும் பயன்பட்டன. அத்தகைய நீண்ட ஆயுளைக் கண்ட பொறியியலாளர், வீட்டின் கழிவையும் வார்ப்பிரும்பை நம்பியே ஒப்படைத்தனர். ஒரு குழாயின் முனையை மற்றதன் அகன்ற வாய்க்குள் செருகி, இடைவெளியிற் சணல் நாரை இறுகத் திணித்து, அதன்மேல் உருக்கிய ஈயத்தை வார்த்து, உளியால் அடித்து இறுக்குவர். நல்ல கைவினைஞன் செய்த மூட்டு அவனுடைய வாழ்நாளையும் கடந்து நின்றது.

அப்படிப்பட்ட குழாய் ஏன் அழிகின்றது? அது அழியும் முறை விந்தையானது. சாதாரண இரும்பு துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்வதைக் கண்ணாற் காணலாம். வார்ப்பிரும்பிலோ நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற் கரி கலந்திருக்கும். அக்கரியிற் பெரும்பகுதி, சப்பிரகமுவவிலே தோண்டி எடுக்கப்படும் அதே காரீயத்தின் வடிவில், மெல்லிய தகடுகளாக உள்ளே பரவிக் கிடக்கும். உவர்நீர் பட்டதும் இரும்பு கரைந்து வெளியேறும். காரீயம் மாத்திரம் எஞ்சி நிற்கும். குழாயின் உருவமும் நிறமும் மாறா. தடிப்பும் குறைந்ததாகத் தோன்றாது. ஆனால் அதனைக் கத்தியாற் சீவலாம். கடலடியிற் பல்லாண்டு கிடந்த வார்ப்பிரும்புப் பீரங்கிகளை மேலே எடுத்தபோது இந்நிலையையே ஆய்வாளர் கண்டனர். கம்பீரமாகத் தோன்றிய பீரங்கியின் மேற்புறம் பென்சிற்கரிபோல் மென்மையாயிருந்தது.

வெளியிலே உவர் அரிக்க, உள்ளே வேறொரு பகை வேலை செய்கின்றது. தேங்கிய கழிவிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு வாயு எழுகின்றது. குழாயின் மேற்புறத்து ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அவ்வாயுவைச் சல்பூரிக்கமிலமாக மாற்றுகின்றன. கழிவுநீர்க் குழாய்களின் கொங்கிறீற்றை அரிப்பது இத்தகைய நுண்ணுயிரே என்பதை அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் பாக்கர் என்னும் ஆய்வாளர் 1945இல் எடுத்துக்காட்டினார். இரும்பும் அவ்வமிலத்துக்குத் தப்புவதில்லை. படுக்கையாகச் செல்லும் குழாயின் அடிப்பக்கமோ, எப்போதும் ஈரத்திற் கிடந்து தேய்ந்து, நாளடைவில் நீளவாக்கிற் பிளக்கின்றது. ஆகையால் நிமிர்ந்து நிற்கும் குழாய் நலமாயிருக்கும்போதே, தரைக்குக் கீழே படுத்திருக்கும் குழாய் பயனற்றதாகிவிடுதல் கூடும்.

இங்கேதான் மணற்பூமியின் தனித்தன்மையை நினைவிற் கொள்ளவேண்டும். களிமண் நிலத்திற் குழாய் உடைந்தால் நீர் மேலே கசிந்து வரும், முற்றம் சேறாகும், நாற்றம் எழும், வீட்டார் விழித்துக்கொள்வர். மணலில் அவ்வாறு நிகழ்வதில்லை. உடைந்த குழாயிலிருந்து வழிந்த நீரை மணல் அந்தக் கணமே உறிஞ்சிவிடும். முற்றம் உலர்ந்தே இருக்கும். வீட்டில் எவ்விதக் குறையும் தோன்றாது. ‘குழாய் நன்றாகத்தான் ஓடுகிறது’ என்று வீட்டார் மகிழ்ந்திருப்பர். குறை தோன்றும் இடம் வேறு. அது கிணறு.

கிணற்றுக்கும் குழாய்க்கும் உள்ள இவ்வுறவை உலகம் அறிந்துகொண்டது பெருந்துயரமொன்றின் வாயிலாகவே. 1854ஆம் ஆண்டு ஆவணி மாத இறுதியில் இலண்டன் நகரின் புறோட் வீதியில் வாந்திபேதி வெடித்தது. சில நாட்களுக்குள் அச்சுற்றுவட்டாரத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். வைத்தியர் ஜோன் சினோ, மாண்டவர்களிற் பெரும்பாலோர் அவ்வீதியின் பம்பு நீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. ஆயினும் கிணற்று நீர் எவ்வாறு கெட்டது என்பது விளங்கவில்லை. மறு ஆண்டில் ஹென்றி வைற்ஹெட் என்னும் பாதிரியார் விசாரித்தபோது, கிணற்றுக்கு எதிரேயிருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை அந்நோய் பரவுவதற்குச் சற்று முன்னரே வயிற்றுப்போக்கால் நோயுற்று மாண்டது தெரியவந்தது. தாய் குழந்தையின் துணிகளைக் கழுவிய நீரை வீட்டின் மலக்குழியில் ஊற்றியிருந்தாள். நிலத்தைத் தோண்டிப் பார்த்தனர். அவ்வீட்டின் வடிகாலும் மலக்குழியும் செங்கல் உக்கிச் சிதைந்திருந்தன. அவற்றுக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் மூன்றடிக்கும் குறைவு. ஒரு வீட்டின் பழுதடைந்த வடிகால் ஒரு வட்டாரத்தையே துயரில் ஆழ்த்தியது. அவ்வீட்டாருக்கு அது பழுதென்று தெரிந்திருக்கவும் இல்லை.

புத்தளக் கரையில் இப்பாடம் முன்னிலும் அவசியமாயிற்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையானோர் இம்மாவட்டத்தில் வந்து தங்கினர். புத்தளத்து மக்கள் தம் வளவுகளையும் கிணறுகளையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டனர். சில குடும்பங்கள் நீரெடுத்த கிணற்றைப் பல குடும்பங்கள் நாடின. ஓலைக் குடிசைகளுக்கிடையே குழிகள் நெருங்கின. 2007ஆம் ஆண்டில் உலக வங்கியின் நிதியோடு தொடங்கிய வீடமைப்புத் திட்டம், வீட்டோடு நீரையும் மலசலகூடத்தையும் சேர்த்தே எண்ணியது. இது வரவேற்கத்தக்க பாடமாகும்.

கற்பிட்டியின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் கண்டறிந்தனர். அதற்கு முதற்காரணம், வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் மணற்றோட்டங்களில் இடப்படும் உரம் என்பதே அவர்தம் முடிவு. எனவே முழுப் பழியையும் மலக்குழியின்மேற் சுமத்துதல் நீதியன்று. ஆனால் உரத்தால் ஏற்கெனவே கெட்ட நீரில் வீட்டுக் கழிவும் கலக்குமானால், ஊறு இரட்டிப்பாகின்றது. நைத்திரேற்று ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரைக் கலந்து பாலூட்டப்படும் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழத்தல் கூடும்; அவர்கள் மேனி நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று அகலாது.

இனி, பழைய குழாயை மாற்றும் முறையைக் காண்போம். வார்ப்பிரும்பின் இடத்தை இன்று பீ.வீ.சீ. குழாய் பிடித்துக்கொண்டது. அப்பொருளை 1872ஆம் ஆண்டில் ஜேர்மானியர் ஒருவர் தற்செயலாகக் கண்டார். அந்நாட்டிலேயே 1930களில் அது குழாயாயிற்று. உவர் அதனை அரிப்பதில்லை. அமிலமும் எளிதில் அரிப்பதில்லை. ஆனால் வெயில் அதனை நொறுங்கச் செய்யும். ஆகவே வெளியே நிற்கும் பகுதிக்கு வர்ணம் பூசுதல் நன்று.

வேலைக்கு உகந்த காலம் நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் கோடை. மாரியில் தோண்டினாற் குழியில் நீர் ஏறும், மணற்சுவர் சரியும். நிமிர்ந்த குழாயை வெட்டுமுன், மேலேயுள்ள பாரத்தைத் தாங்க முட்டுக் கொடுக்கவேண்டும். வார்ப்பிரும்பின் கனம் பல கூலியாட்களைக் காயப்படுத்தியிருக்கின்றது. பழைய மூட்டுகளின் ஈயத்தை வீட்டில் உருக்குதல் கூடாது. அதன் ஆவி நஞ்சு. நாலங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி சரிவு என்பது கைவினைஞரின் பழைய கணக்கு. சரிவு குறைந்தால் கழிவு தேங்கும். பழைய குழாயிற் பாதியை விட்டுப் பாதியை மாற்றுதல் சிக்கனம்போலத் தோன்றும். விட்ட பாதியே பின்னர் உடையும். மண் மூடுமுன், குழாயின் அடிவாயை அடைத்து நீர் நிரப்பி, நீர்மட்டம் இறங்குகின்றதா என்று பார்த்தல் இன்றியமையாதது. மணல் எதையும் காட்டாது. ஆகவே மணலால் மூடுமுன் கண்ணாற் காணவேண்டும்.

குழாயோடு வேலை முடிந்துவிடாது. உடைந்த குழாய் தன் கழிவை வழியெங்கும் சிந்தியது. நல்ல குழாய் அது முழுவதையும் குழியிற் சேர்க்கும். அக்குழியின் செப்டிக் தொட்டி கசியாமலும், உறிஞ்சு குழி கிணற்றுக்குத் தொலைவிலும் இருத்தல் வேண்டும். பல நாடுகள் இத்தொலைவை 15 மீற்றர் முதல் 30 மீற்றர் வரை விதிக்கின்றன. நீர் விரைந்தோடும் மணலில் இயன்றவரை கூடுதலாக இருத்தலே நலம். சிறு வளவுகளில் அயல்வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே அளக்கவேண்டும். ஏனெனில் மேலே நிற்கும் வேலி நிலத்தடி நீரைப் பிரிப்பதில்லை. ஒரு வீட்டின் குழாய் அடுத்த வீட்டின் குடத்தோடு தொடர்புடையது.

கொழும்பு போன்ற நகரங்களில் வீட்டுக் கழிவைப் பொதுக் குழாய் ஏற்றுச் செல்கின்றது. பழுதைப் பார்க்க அதிகாரிகளும் உளர். புத்தளக் கரையின் பெரும்பாலான வீடுகளுக்கு வீட்டாரே பொறியியலாளர், வீட்டாரே பரிசோதகர். வீடு கட்டிய ஆண்டு நினைவிலிருந்தால் குழாயின் வயதும் தெரிந்துவிடும். ஐம்பது ஆண்டைத் தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய் உவர் மணலிற் புதைந்து கிடக்குமானால், அது நன்றாக ஓடுகின்றது என்பது ஆறுதலாகாது. தோண்டிப் பார்த்து, ஓர் ஆணியால் அதன் மேற்புறத்தைக் கீறிப் பார்க்கவேண்டும். ஆணி வழுக்கினால் இரும்பு இருக்கின்றது. ஆணி இறங்கினால், எஞ்சியிருப்பது காரீயம் மாத்திரமே.