கற்கருவிகளை இனங்காணுதல்

ஆற்றுப்படுகைகளிலும், உழுத நிலங்களிலும், செம்புரைக்கல் வெட்டிய குழிகளிலும் அகப்படும் எண்ணிறந்த கற்களுள், சரித்திரத்துக்கு முற்பட்ட மனிதன் தன் தேவைக்காக உடைத்துச் செதுக்கிக்கொண்டவை எவை, வெயிலும் வெள்ளமும் தாமே உடைத்துப் போட்டவை எவை என்று பகுத்தறியும் முறை இது. இந்தியாவில் இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாய் செய்தவர் நிலவியல் அளவைத் துறையில் உத்தியோகம் பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் அவர் கண்டெடுத்த கல்லும், அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பிரதேசத்து அத்திரம்பாக்கத்தில் கண்ட கருவிகளும், தென்னாட்டில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிலைநாட்டின.

கடினமும் சீரான நுண்மணித் தன்மையும் உடைய ஒரு கல்லின் விளிம்பருகே மற்றொரு கல்லால் அடித்தால், அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை கூம்பு வடிவாகப் பரவ, சில்லு ஒன்று பெயர்ந்து விழும். அச்சில்லின் தலைப்பில் அடியை ஏற்ற சிறு தளமும், அதன் கீழே உட்புறத்தில் மெல்லப் புடைத்த குமிழும், குமிழைச் சுற்றிச் சிப்பி ஓட்டின் வரிகளைப் போல் விரிந்து செல்லும் அலைக்கோடுகளும் காணப்படும். தாய்க்கல்லிலோ அக்குமிழுக்கு நேரான பள்ளம் தழும்பாகத் தங்கிவிடும். இவையே முதன்மையான லட்சணங்கள். ஆயினும் சென்னை வட்டாரத்துக் கருவிகளுக்குப் பெரும்பாலும் பயன்பட்ட குவார்ட்சைட் கல்லில் அலைக்கோடுகள் மங்கலாகவே படியும். வெங்கச்சங்கல்லில் சில வேளை அவை தென்படுவதே இல்லை. ஆகவே கல்லைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

குமிழ் ஒன்று இருப்பதனாலேயே கல் கருவியாகிவிடாது. வெள்ளத்தில் உருளும் கற்கள் ஒன்றோடொன்று மோதியும் சில்லுகள் பெயர்வதுண்டு. இதனை உணராமையால் ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். இங்கிலாந்தின் கெண்ட் பிரதேசத்தில் பெஞ்சமின் ஹாரிசன் திரட்டிய முரட்டுக் கற்களை ஆதி மனிதனின் கைவேலை என்று பலர் நம்பியிருக்க, 1905-இல் பிரெஞ்சு அறிஞர் மார்செலின் பூல், மாந்த் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிமெண்டுத் தொழிற்சாலையில் சுண்ணக்கல்லோடு சேர்ந்து இயந்திரத்தில் சுழன்ற தீக்கற்கள் அத்தகைய வடிவங்களையே பெற்று வெளிவருவதைப் பிரத்தியட்சமாக எடுத்துக்காட்டினார். பிறகு 1939-இல் ஏ. எஸ். பார்ன்ஸ் ஒரு கோண அளவையை வகுத்தார்: மனிதன் செதுக்கிய கற்றொகுதியில் விரிகோணத் தழும்புகள் நூற்றுக்கு 25-க்குக் குறைவாகவே இருக்கும், இயற்கை உடைத்தவற்றில் அவை மிகுந்திருக்கும். இது தொகுதிக்குரிய அளவுகோல் என்பதையும், தனிக்கல் ஒன்றின் மீது இதைப் பிரயோகிப்பது வீண் என்பதையும் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. கையில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதைச் சான்றாகக் கூறுவோர் அவர்களினும் அதிகம். கூழாங்கல்லும் கையில் பொருந்தும்.

மெய்யான கைவேலையில் ஒழுங்கு புலப்படும். கைக்கோடரியில் இருபுறமும் மாறி மாறிச் செதுக்கிய தழும்புகள் விளிம்பில் சந்தித்து, ஒரு முனை நோக்கிக் குவியும். இடைப் பழங்கற்காலத்தார் தாய்க்கல்லை முதலில் பக்குவப்படுத்தி, வேண்டிய வடிவில் சில்லைப் பெயர்த்தெடுத்தனர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிமணலில் கிடைக்கும் நுண்கற்கருவிகள் மிகச் சிறியனவாதலால், பழகாத கண்ணுக்கு அவை வெறும் சிதறல்களே. திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளி போன்ற புதிய கற்கால ஊர்களின் வழவழப்பான கோடரிகளில் மயக்கத்துக்கு இடமில்லை. சேர்வராயன் மலையில் இத்தகைய கோடரிகள் சிறு கோயில்களில் வைத்து வணங்கப்பட்டதை ஃபூட்டே குறித்திருக்கிறார். கல்லின் நிறத்தையும் கவனித்தல் அவசியம்: பழைய தழும்பு மேற்பரப்பைப் போலவே நிறம் மாறியிருக்கும், கலப்பையும் மண்வாரி இயந்திரமும் நேற்று உண்டாக்கிய உடைவு உள்நிறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இவ்வளவும் கல்லைப் பற்றியது. என் அபிப்பிராயத்தில் கல்லினும் பெரிய சான்று அது கிடந்த இடமே. தொல்லியலாளர்களான சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் நிகழ்த்திய அகழாய்வின் பயனாக, அங்குள்ள கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இலும், இடைப் பழங்கற்காலத் தொழில்முறை அங்கே தொடங்கியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018-இலும் வெளியாயிற்று. பின்னதற்குக் காலம் கணிக்க உதவியது கருவிகளைப் பொதிந்திருந்த மண்ணே. மண்ணினின்று பிரித்தெடுத்து அலமாரியில் வைத்த கல்லுக்கு அத்தகைய கணிப்பு இயலாது.

ஆதலின் கருவி என்று ஐயுறத்தக்க கல்லைக் காண்பவர், அதைப் பெயர்க்காமல், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை. தேடப் புறப்படுமுன் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பூண்டி அகழ்வைப்பகத்திலும் உள்ள மெய்யான கருவிகளை ஒருமுறை பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்க.