மாத்தளையில் திசை தடுமாறும் ட்ரோன்: உணரி இரைச்சலின் மூலத்தைத் தேடும் முறை

இறத்தோட்டை, லக்கல மலைச்சரிவுகளுக்கு மேலே ட்ரோன் பறக்கவேண்டிய தேவை உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ளவையாக இனங்கண்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. சரிவைப் படமெடுக்கும் ட்ரோன் தன் திசையைப் பிழையாகக் கணித்தால் நேர்கோட்டில் செல்லாது. படங்களுக்கிடையே இடைவெளி விழும்.

பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையின் தரவில் இரைச்சல் தென்பட்டதும் மென்பொருள் வடிப்பானை இறுக்குவதே வழமை. அந்த வழமை தவறானது. இரைச்சலின் மூலத்தைத் தேடும் வரிசை, பறக்கும் இடத்தின் பௌதிகத்தைப் பொறுத்து அமையவேண்டும். மாத்தளைக்குரிய வரிசை வட அகலக்கோட்டு நாடுகளின் வழிகாட்டிகள் தருவதன்று.

ட்ரோன் தன் திசையை, புவிக் காந்தப்புலத்தைக் காந்தமானியால் அளந்தே அறிகிறது. அப்புலம் கிடையாக அமையும் காந்த மத்திய கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆராய்ச்சி ரொக்கெட்டை ஏவுவதற்கு அங்குள்ள தும்பா தெரிவானதும் இக்கோட்டின் அண்மையினாலேயே. மாத்தளையும் அதற்கு அருகில் உள்ளதால் இங்கு புவிக் காந்தப்புலம் கிட்டத்தட்ட முழுவதும் கிடையாகவே அமைகிறது. அதன் செறிவு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. இலண்டனில் மொத்தப் புலம் 49 ஆயினும் அது 66 பாகையளவு நிலத்தினுள் சாய்வதால், திசை காட்டும் கிடைக்கூறு சுமார் 20 மாத்திரமே.

பலகை ஆர்முடுகல்மானியைக் கொண்டு தன் சரிவைக் கணிப்பதில் 1 பாகை பிழைத்தால், திசையில் ஏற்படக்கூடிய பிழை புலத்தின் சாய்கோணத்தின் தாஞ்சனைப் பொறுத்தது. இலண்டனில் அது 2 பாகையைத் தாண்டலாம்; மாத்தளையில் பத்திலொரு பாகையையும் எட்டாது. ஆகவே ஆர்முடுகல்மானியின் இரைச்சல் அங்கு திசையைக் கெடுக்கும் அளவுக்கு இங்கு கெடுப்பதில்லை. இங்கு முதலில் ஐயுறவேண்டியது மின்னோட்டத்தை.

20 அம்பியர் பாயும் தனிக் கம்பி, 10 சென்ரிமீற்றர் தூரத்தில் 40 மைக்ரோடெஸ்லா புலத்தை உண்டாக்கும். புவியின் புலத்துக்கே சமம்! கம்பியின் புலம் கிடைத்தளத்தில் அதற்குச் செங்குத்தாக அமைந்தால் திசை 45 பாகை திரும்பிவிடும். மின்கலத்தின் நேர், மறைக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, காந்தமானியை ஒரு தண்டில் உயர்த்திப் பொருத்தினால் இதன் பெரும்பகுதி அடங்கும்.

சோதிக்கையில் சுழலிகளைக் கழற்றிவிடுவது ஏமாற்றும். சுமையற்ற மோட்டார் போதிய மின்னோட்டத்தை இழுக்காது. சுழலிகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் அடுத்த மோட்டாருக்கு மாற்றிப் பூட்டினால் ட்ரோன் நிலத்தை நோக்கி அழுத்தப்படும். அதை இறுகக் கட்டி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டவேண்டும். காந்தமானி வாசிப்பின் விலகல் மின்னோட்டத்தோடு நேர்விகிதத்தில் வளர்ந்தால் காரணம் கம்பி. மோட்டார் நின்றபின்னும் மாறாதிருந்தால் அருகிலுள்ள இரும்பைத் தேடவேண்டும்.

நண்பகலில் காந்த மத்திய கோட்டின் மேல் அயனமண்டலத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மின்னோட்டத்தைச் சிலர் காரணங்காட்டலாம். தரையில் அதன் விளைவு 0.1 மைக்ரோடெஸ்லா அளவினது; அதுவும் வடக்கு நோக்கிய கூறையே கூட்டுவதால் திசை திரும்பாது. கவனிக்கத்தக்கது வேறொன்று. ட்ரோனைக் கிடையாக மட்டும் சுழற்றி அளவுத்திருத்தம் செய்தால் நிலைக்குத்து அச்சின் பிழை மறைந்தே இருக்கும். அப்பிழை 10 மைக்ரோடெஸ்லாவாயின், வடக்கு நோக்கிப் பறக்கையில் 20 பாகை பக்கவாட்டில் சரிந்ததும் திசை ஏறத்தாழ 5 பாகை தவறும். எனவே ஆறு முகங்களிலும் திருப்புவது இங்கும் கட்டாயம்.

ஜைரோஸ்கோப்பின் இரைச்சலுக்கு ஊர் வேறுபாடு இல்லை. நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலும் சமநிலையற்ற சுழலி 100 ஹேர்ட்ஸ் மீடிறனில் பலகையை அதிர்விக்கும். 20 ஹேர்ட்ஸில் வெட்டும் எளிய வடிப்பான் அதைக் குறைக்கும். கூடவே சைகையை 8 மில்லிசெக்கன் தாமதப்படுத்தும். தாமதம் கூடினால் ட்ரோன் ஊசலாடத் தொடங்கும். அதைத் தவிர்க்கக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் றிவர்ஸ்ற்றன் மலைக்காற்றில் நிலைகொள்ளாது. சுழலியைச் சமப்படுத்துவது, பலகையின் கீழ் மென்பஞ்சு வைப்பது, அதன் பின்னரே 100 ஹேர்ட்ஸை மட்டும் அகற்றும் குறுகிய வடிப்பான்: இவ்வரிசையைப் புரட்டக்கூடாது.

மாத்தளையில் இப்பணியைச் செய்வோர், அளவுத்திருத்தப் பதிவேட்டில் இடத்தையும் வெப்பநிலையையும் ஒவ்வொரு படியிலும் பாய்ந்த மின்னோட்டத்தையும் குறித்துவைக்குமாறு வேண்டுகிறேன்.